ஆமாம், வரவில்லை

ஜப்பானில் டோக்கியோவுக்கு அருகே, ஃபுனபாஷி ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில், இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்தால் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய தடுப்பறையில், 2011 ஜூலை மாதத் தொடக்கத்தில் என் முதல் ஆங்கில வகுப்பை எடுத்தேன். எதிரே இருந்தவர் அறுபது வயதை நெருங்கிய ஒரு பேரிக்காய் விவசாயி. முந்தைய வாரம் அவர் வரவில்லை என்று அவருடைய கோப்பில் குறித்திருந்தது. பேச்சைத் தொடங்குவதற்காக, "டிடின்ட் யூ கம் லாஸ்ட் வீக்?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து "யெஸ்" என்றார். பிறகு நெடுநேரம் யோசித்து, "ஐ டிட் நாட் கம்" என்று முடித்தார்.

பயிற்சியின்போது எனக்குக் கொடுத்த கையேட்டில் இந்தப் பிழையைத் தனியே கட்டம் கட்டி அச்சிட்டிருந்தார்கள். எதிர்மறைக் கேள்விக்கு ஜப்பானியர்கள் தலைகீழாக விடை சொல்வார்கள், உடனே திருத்த வேண்டும் என்று அதில் இருந்தது. என்னால் உடனே திருத்த முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பதிலில் எதுவும் தலைகீழாக இருப்பதாக என் காதுக்குப் படவில்லை. "போன வாரம் நீங்க வரலையா?" என்று எங்கள் ஊரில் ஒருவரைக் கேட்டால், "ஆமாங்க, வரல" என்பார். சிலர் "இல்லைங்க" என்றும் தொடங்குவார்கள். ஆனால் 'ஆமாம்' என்று சொன்னால் யாரும் குழம்பமாட்டார்கள். கேட்டவர் நினைத்தது சரிதான் என்று ஒப்புக்கொள்ளும் ஆமாம் அது. ஜப்பானியரின் 'ஹாய்' என்ற சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலம் கேட்டவரின் நினைப்பைப் பார்ப்பதில்லை. வந்ததா வராததா என்ற நிகழ்ச்சியை மட்டும் பார்த்து, வராததற்கு 'நோ' என்று சொல்லிவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்து, ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் முடித்த எனக்கே, அசந்து பேசும்போது அந்த 'யெஸ்' வாயில் வந்துவிடுவது உண்டு.

எய்காய்வா என்ற ஜப்பானியச் சொல்லின் நேர்ப்பொருள் ஆங்கில உரையாடல் என்பதுதான். வழக்கில் அது, பணம் கட்டி ஆங்கிலம் பேசிப் பழகும் தனியார் பள்ளிகளையும் அந்தத் தொழில் முழுவதையும் குறிக்கிறது. நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆண்டும் மேல்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டும் இலக்கணமும் மொழிபெயர்ப்புமாக ஆங்கிலம் படித்துத் தேர்வெழுதி வெளியே வந்த பிறகு, ஒரு வெளிநாட்டவர் வழி கேட்டால் வாய் திறக்க முடியாமல் நிற்கிறோமே என்ற வருத்தம் அந்த நாட்டில் பலருக்கு உண்டு. சரளமாகப் பேசுவதை அவர்கள் 'பெராபெரா' என்பார்கள். முதல் வகுப்புக்கு வரும் பெரியவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், பாதிப் பேர் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள்.

நானும் என் கணவரும் 2010 அக்டோபரில் டோக்கியோவின் நிஷி-கசாயிக்குக் குடிபோனோம். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் வீடு பிடிக்கத் தொடங்கிய பகுதி அது; துவரம்பருப்பும் புளியும் நடந்து போய் வாங்கும் தொலைவில் கிடைத்தன. துணைவர் விசாவில் வந்தவர்கள் குடிவரவு அலுவலகத்தில் தனியாக அனுமதி பெற்றால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அனுமதி வாங்கிக்கொண்டு ஆங்கிலப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். பல விளம்பரங்களில் 'நேடிவ்' மட்டும், அதாவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் மட்டும், என்றிருந்தது. சில விளம்பரங்கள் எந்தெந்த நாட்டவர் விண்ணப்பிக்கலாம் என்று நாடுகளின் பெயரையே வரிசையாகப் போட்டிருந்தன. விருதுநகர்ப் பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்து, ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்திருந்த என் விண்ணப்பத்துக்கு ஆறு இடங்களில் பதிலே வரவில்லை.

பிறகு 2011 மார்ச் 11 வந்தது. பிற்பகல் 2:46-க்குத் தொடங்கிய அந்த நடுக்கம் எங்கள் அடுக்ககத்தைப் படகுபோல் ஆட்டியது. இரண்டு நிலையம் தள்ளியிருந்த உரயாசுவில் மண் கூழாகிப் பொங்கித் தெருக்கள் வளைந்தன. அதற்கடுத்த வாரங்களில், ஃபுகுஷிமா அணு உலைச் செய்திகள் ஒவ்வொரு நாளும் மோசமாகிக்கொண்டிருக்க, வெளிநாட்டவர்கள் பலர் விமானம் ஏறிவிட்டார்கள். எங்கள் கட்டடத்திலேயே நான்கு தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போயின. நாங்கள் போகவில்லை, என் கணவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அப்போது விட்டுவிட்டு வர அவருக்கு மனம் இல்லை. மே மாத இறுதியில், முன்பு பதில் தராத பள்ளிகளில் ஒன்று என்னை நேர்காணலுக்கு அழைத்தது. அங்கிருந்த ஆசிரியர்களில் மூன்று பேர் திரும்பி வரவில்லை என்று பின்னர் அறிந்தேன். அவர்கள் போனதால் எனக்குக் கிடைத்த வேலை அது.

மின்சாரத்தைச் சேமிக்க வேண்டிய கோடை என்பதால் நிலையங்களில் நகரும் படிகள் நின்றிருந்தன, பகலில் ரயில் பெட்டிகளில் விளக்குகள் எரியவில்லை. தோஸாய் பாதையில் நிஷி-ஃபுனபாஷி வரை போய், அங்கே மாறி ஒரு நிலையம். மதியம் ஒரு மணிக்குப் போனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புவேன். பிற்பகலின் தொடக்கத்தில் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும் வருவார்கள், நான்கு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள், ஏழு மணிக்குப் பிறகு கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு அலுவலகத்து ஆட்கள். ஒரு வகுப்பு 40 நிமிடம். அடுத்த வகுப்புக்கு முன் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில், போனவரின் கோப்பில் அவர் எதில் தடுமாறினார் என்று எழுதி, வருபவரின் கோப்பை எடுத்துப் படித்துவிட வேண்டும். ஒருவருக்கு ஒருவராக நடக்கும் வகுப்பை அங்கே 'மான்-ட்ஸு-மான்' என்பார்கள்.

வரவேற்பறைச் சுவரில் ஆசிரியர்களின் புகைப்படங்கள் மாட்டிய ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், பிடித்த உணவு, நாட்டின் கொடி. என் படத்தின் கீழ் கொடி வைக்கவில்லை. கேட்டதற்கு, மாணவர்கள் முதலில் என் குரலைக் கேட்கட்டும் என்று கிளை மேலாளர் சொன்னார். அறிமுகக் குறிப்பில் 'குழந்தைப் பருவத்திலிருந்தே ஆங்கிலம் பேசுபவர்' என்று அவர் எழுதியிருந்ததற்கு நான் ஒப்புக்கொண்டேன். அது உண்மை இல்லை. எங்கள் வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி ஒலித்ததில்லை. ஆங்கிலம் பள்ளிக்கூடத்து மதில் சுவருக்குள் மட்டும் இருந்த மொழி. வேலை வேண்டும் என்பதற்காகத் தலையாட்டியது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அந்த மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. மாதா மாதம் இத்தனை புதிய சேர்க்கை, இத்தனை புதுப்பிப்பு என்று அவருக்கு மேலிருந்து கணக்கு வரும். இலவச முன்னோட்ட வகுப்புக்கு வருபவர் வாசலிலேயே திரும்பிப் போய்விடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. ஆனால் அந்தப் பயத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் மாதத்தில் ஒரு மாணவர், நான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று மிகப் பணிவாகக் கூறிவிட்டு, அடுத்த வாரம் வேறு ஆசிரியரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எட்டு மாதங்களுக்குப் பிறகு, புதுப்பித்த பலகையில் மூவர்ணக் கொடியோடு என் படம் வந்தது. அந்தக் குறிப்பை 'ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்' என்று மாற்றித்தரும்படி நானே கேட்டு வாங்கினேன்.

அந்த நாட்களில்தான், ஜப்பானில் ஆங்கிலம் பேசுபவர் ஒருவர் முறையாக வகுப்பெடுத்த முதல் நிகழ்ச்சியைப் பற்றிப் படித்தேன். அந்த ஆசிரியரின் பெயர் ரானால்ட் மெக்டொனால்ட். 1848-ல், வெளிநாட்டவர் கால் வைத்தால் சிறை என்றிருந்த காலத்தில், திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றிலிருந்து சிறு படகில் இறங்கி, கரை ஒதுங்கியவர்போல் ஹொக்கைடோவின் வடமேற்கே உள்ள ரிஷிரித் தீவில் ஏறினார். பிடித்து நாகசாகிக்கு அனுப்பினார்கள். காவலில் இருந்த அவரிடம், அதுவரை டச்சு மொழியையே நம்பியிருந்த அரசு மொழிபெயர்ப்பாளர்கள் பதினான்கு பேர் வந்து ஆங்கிலம் கற்றார்கள். அவர்கள் ஒவ்வொருவராக வாசிக்க, அவர் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் இருந்து உச்சரிப்பைத் திருத்தினார். 1849 ஏப்ரலில் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல் அவரை அழைத்துப் போகும்வரை இது நடந்தது. அந்தப் பதினான்கு பேரில் ஒருவரான மொரியாமா எய்னொசுகே, 1854-ல் அமெரிக்கக் கடற்படையின் கமடோர் பெர்ரியோடு நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தவர். மெக்டொனால்டின் தந்தை ஸ்காட்லாந்துக்காரர். தாய் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரச் சினூக் பழங்குடித் தலைவரின் மகள். அந்த முதல் ஆசிரியரின் படத்தை எங்கள் பள்ளிப் பலகையில் மாட்டியிருந்தால் அதன் கீழ் எந்தக் கொடியை வைத்திருப்பார்கள் என்று ரயிலில் போகும்போது பலமுறை யோசித்திருக்கிறேன்.

எங்கள் பேச்சு வகுப்புகளில் நான் கண்ட தடுமாற்றங்கள் அவர் கண்டவைதான். 'எல்' ஒலி 'ஆர்' ஆவதும், மெய்யில் முடியும் சொல்லின் வாலில் ஓர் உயிர் ஒட்டிக்கொள்வதும். மெய்யில் நிற்கப் பிடிக்காத நாக்கு ஜப்பானியருக்கு மட்டும் உரியதா? 'டெஸ்க்' அவர்களுக்கு 'தெசுகு', நமக்கு 'டெஸ்க்கு'. 'பேங்க்' அவர்களுக்கு 'பங்கு', நமக்கு 'பேங்க்கு'. பள்ளியில் குற்றியலுகரம் படித்தபோது அது தேர்வுக்கான பகுதி என்று மட்டுமே நினைத்திருந்தேன். அரை மாத்திரையாகக் குறுகி உதடு குவியாமல் ஒலிக்கும் அந்த உகரத்தை, 'தெஸு' என்று அவர்கள் வாக்கியத்தை முடிக்கும்போது காற்றாகத் தேயும் உகரத்தில் மீண்டும் கேட்டேன். வல்லின மெய்யில் சொல்லை நிறுத்தும் பயிற்சியை நான் எப்படிக் கடந்தேன் என்பது நினைவிருந்ததால், அதை அவர்களுக்குப் படிப்படியாகச் சொல்ல முடிந்தது. அமெரிக்க நண்பர் ஒருவர் 'சும்மா நிறுத்துங்கள்' என்பார். அவருக்கு அது இயல்பாக வந்தது. வராதவருக்கு எப்படி வரவழைப்பது என்று அவர் யோசிக்க நேர்ந்ததே இல்லை.

'ஆர்' ஒலிக்கு எனக்குத் துணை நின்றது ழகரம். நாக்கின் நுனியை உள்நோக்கி மடித்து, மேலண்ணத்தைத் தொடாமல் நிறுத்தி ஒலிக்க வேண்டும் என்று, தமிழ் வகுப்பில் என் ஆசிரியை கையை நாக்குபோல் வளைத்துக் காட்டியதை அப்படியே செய்து காட்டினேன். அமெரிக்கர் பலர் ஒலிக்கும் 'ஆர்' அதற்கு மிக நெருங்கியது. 'வாழை', 'மழை' என்று இரண்டு தமிழ்ச் சொற்களைச் சொல்லிப் பழகிவிட்டு ஆங்கிலத்துக்கு வந்தவர்கள் சிலர் உண்டு.

வாக்கிய அமைப்பைப் பொறுத்தவரை, நான் எதிர்பார்த்ததைவிடவும் ஆழமான ஒற்றுமை இருந்தது. இரு மொழிகளிலும் வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. பிறர் சொன்னதை நாம் 'என்று' வைத்துக் கட்டுவதுபோல் அவர்கள் 'தொ' வைத்துக் கட்டுகிறார்கள். 'வாங்கி வை' என்பதை அவர்களும் வாங்குதல், வைத்தல் என்ற இரு வினைகளால் 'கத்தெ ஒகு' என்கிறார்கள். 'சாப்பிட்டுப் பார்' என்பது அவர்களுக்கும் சாப்பிடுவதும் பார்ப்பதும்தான்: 'தபெதே மிரு'. பேராசிரியர் ஓனோ சுசுமு இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டதை நம்மில் பலர் அறிவோம். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, நானும் அந்த உரிமையைக் கோர வரவில்லை. கொரிய மொழியும் துருக்கிய மொழியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது உறவு அல்ல. எங்கே கால் இடறும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தப் பேரிக்காய் விவசாயி எதற்காக ஆங்கிலம் கற்க வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஃபுனபாஷி பேரிக்காய்க்குப் பெயர்போன ஊர். ஆகஸ்டில் கோசுயி என்ற வகையும் செப்டம்பரில் ஹோசுயி என்ற வகையும் பழுக்கும். தோட்டத்துக்கே வந்து பறித்துச் சாப்பிட மக்கள் வருவார்கள். அவர்களில் வெளிநாட்டவர்கள் சிலரும் இருப்பார்கள். அவர்களுக்குத் தன் மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. ஏப்ரலில் பூக்களுக்கு ஒவ்வொன்றாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பதையும், கம்பிப் பந்தலில் கிளைகளைப் படர விடுவதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில், வாங்க வந்தவரிடம் நீட்டும்போது சொல்ல வேண்டியது என்று 'ப்ளீஸ் ஈட் அண்ட் லுக்' என்றிருந்தது. அதற்கு முந்தைய வாரம் அவருக்கு வகுப்பெடுத்த சக ஆசிரியர், சாப்பிடச் சொல்லிவிட்டு எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று புரியாமல் கோப்பில் கேள்விக்குறி இட்டிருந்தார். 'சாப்பிட்டுப் பாருங்க' என்பதுதான் அது. ஒரு தமிழ்ப் பழக்கடைக்காரர் சொல்வதை அவர் சொல்ல முயன்றிருந்தார்.

அவரை மிகவும் அலைக்கழித்தது, பெயர்ச்சொல்லைப் பின்னால் நின்று விளக்கும் ஆங்கிலத் தொடர். 'ஆகஸ்டில் நாங்கள் பறிக்கும் பேரிக்காய்' என்று தமிழில் சொல்லும்போது, எப்போது, யார், என்ன செய்யும் என்று எல்லாம் அடுக்கிய பிறகுதான் பேரிக்காய் வருகிறது. ஜப்பானிய மொழியிலும் அப்படித்தான். ஆங்கிலத்திலோ பேரிக்காயை முதலில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அதன் கதையைச் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் ஆகஸ்டில் தொடங்கி, நடுவழியில் நின்றுவிடுவார். பாடநூலில் இருந்த விதியை மூன்று வாரம் நடத்தியும் பயனில்லை. நான்காவது வாரம், என் சாப்பாட்டுப் பையிலிருந்த ஒரு ஆரஞ்சை எடுத்து மேசைமேல் வைத்து, பெயரைச் சொல்லச் சொன்னேன். பழத்தைப் பார்த்துக்கொண்டே, அதைப் பற்றித் தெரிந்ததைப் பின்னால் ஒவ்வொன்றாகக் கோக்கச் சொன்னேன். சிறுவயதில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நான் படித்த ஆங்கில நாவல்களில் நீண்ட வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்டி நானே கண்டுபிடித்தது. அவர் அன்று ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். பிறகு அதையே ஐந்து முறை சொன்னார்.

மௌனத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். எய்காய்வா ஆசிரியர்கள் எல்லோரும் குறைப்பட்டுக்கொள்வது இதைத்தான்: கேள்வி கேட்டால் மாணவர் அப்படியே உட்கார்ந்திருப்பார், பத்து விநாடி, பதினைந்து விநாடி. பழக்கம் இல்லாதவர்களுக்கு அந்தப் பதினைந்து விநாடி தாங்காது. உதவுவதாக நினைத்துக் கேள்வியை மாற்றிக் கேட்பார்கள், அல்லது பதிலையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் படித்த பள்ளியில் வகுப்புக்குள் தமிழ் பேசினால் வார்த்தைக்கு ஒரு ரூபாய் அபராதம். வகுப்புத் தலைவி ஒரு நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டே இருப்பாள். ஆங்கிலத்தில் சரியாகச் சொல்லத் தெரியாது, தமிழில் சொன்னால் காசு. ஆறாம் வகுப்பு முழுவதும் நான் பேசாமலே இருந்தேன். அந்த ஆண்டு ஆசிரியைகள் என்னைச் சோம்பேறி என்றும் கவனமில்லாதவள் என்றும் நினைத்தார்கள். உண்மையில், ஒவ்வொரு கேள்விக்கும் மனத்துக்குள் நான்கைந்து வாக்கியங்களைக் கட்டிக் கலைத்துக்கொண்டிருந்தேன். என் எதிரே இருந்தவர்களின் மௌனத்துக்குள்ளும் அதேபோல் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கையிலிருந்த பென்சிலை மேசைமேல் வைத்துவிடுவது என் வழக்கமாயிற்று. நான் எதையும் எழுதவில்லை, பிழையைக் குறிக்கவில்லை, நேரம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பேசி முடித்ததில் பிழை இருந்தாலும் பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். பலமுறை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதை நான் தொடக்கத்திலேயே அறிந்திருக்கவில்லை என்பதற்கு, என்னால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த இழப்பே சாட்சி. 2012 குளிர்காலத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி எய்கென் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் இரண்டாம் நிலைக்கு என்னிடம் தயாரானாள். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் நேர்முகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பத்தியை உரக்க வாசித்து, மூன்று படங்களை 20 விநாடி பார்த்து அதன் கதையைச் சொல்லி, இரண்டு கேள்விகளுக்குத் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அவள் மிகவும் அமைதியானவள். தேர்வு நாள் நெருங்க நெருங்க, எனக்குப் பதற்றம் கூடியது. அவள் நிறுத்திய இடங்களிலெல்லாம் நானே வாக்கியத்தை முடித்தேன்; அவள் தலையசைத்து நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். இருவருக்கும் நன்றாகப் போவதுபோல் தோன்றியது. தேர்வறையில் வாக்கியத்தை முடித்துக் கொடுக்க யாரும் இல்லை. அவள் தேறவில்லை. அடுத்த மாதம் அவள் தாய் வந்து, மிகுந்த மரியாதையோடு நன்றி சொல்லி, வகுப்பை நிறுத்திவிட்டுப் போனார். நாற்பது நிமிடத்தில் யார் எத்தனை நிமிடம் பேசினோம் என்று அதற்குப் பிறகுதான் கணக்கெடுக்கத் தொடங்கினேன். முதல் வாரக் கணக்கில் என் பங்கு பாதியைத் தாண்டியிருந்தது.

சம்பளத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. முழுநேர ஆசிரியருக்கு மாதம் 2,50,000 யென் என்பது பல காலமாக வழக்கத்தில் இருந்த தொகை. என் சக ஆசிரியர்கள் சிலருடைய ஒப்பந்தத்தில் வாரத்துக்கு இருபத்தொன்பதரை மணி நேரம் என்று இருந்தது. முழுநேர ஊழியரின் நேரத்தில் முக்கால் பங்கு வேலை செய்தால் சமூகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. முப்பது மணி நேரத்துக்கு அரை மணி குறைவாக ஒப்பந்தம் போட்டால் அந்தச் செலவு நிறுவனத்துக்கு இல்லை. வகுப்புகளுக்கு இடையிலான ஐந்து நிமிடங்களும் கோப்பு எழுதும் நேரமும் அந்தக் கணக்கில் வராது. எனக்கு விசா விதித்த 28 மணி நேரம், அவர்களுக்கு ஒப்பந்தம் விதித்த இருபத்தொன்பதரை. நான் ஊர் திரும்பிய மறு ஆண்டு, 2016 அக்டோபரில், ஊழியர் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிய நிறுவனங்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்வோருக்கும் காப்பீடு என்று சட்டம் மாறியது. 2022-ல் அந்த வரம்பு 100 ஆகவும் 2024-ல் 50 ஆகவும் இறங்கியது. அதைப் படித்தபோது, இருமலோடு வகுப்பெடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போட்ட ஒரு நண்பரின் முகம்தான் முன்னால் வந்தது.

மாணவர்கள் கட்டும் பணம் பெரும்பாலும் முன்பணம். இத்தனை வகுப்புகள் என்று மொத்தமாக வாங்கினால் விலை குறையும், ஆகையால் ஓராண்டு, இரண்டாண்டுக்கு வாங்குவார்கள். 900-க்கும் மேற்பட்ட கிளைகளோடு நாட்டின் மிகப் பெரிய எய்காய்வா நிறுவனமாக இருந்த நோவா 2007 அக்டோபர் 26 அன்று நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியபோது, ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் சம்பளமின்றி நின்றார்கள், லட்சக்கணக்கான மாணவர்கள் முன்பணத்தோடு சிக்கிக்கொண்டார்கள். 'நிலையத்தின் எதிரிலேயே வெளிநாட்டுப் படிப்பு' என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். நான் சேர்ந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. அப்போதும் வயதான மாணவர்கள் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். இரண்டு மாதத்துக்கும் 50,000 யென்னுக்கும் மேற்பட்ட மொழிப்பள்ளி ஒப்பந்தத்தை எட்டு நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் முறித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வரவேற்பறையில் இருந்த பெண் அந்தப் பத்தியை ஒவ்வொரு புதியவருக்கும் விரல் வைத்து வாசித்துக் காட்டுவார். அவர் அதை ஒருநாளும் அவசரமாக வாசித்து நான் கேட்டதில்லை.

2015 செப்டம்பர் இறுதியில் நாங்கள் சென்னைக்குத் திரும்புவதென்று முடிவாயிற்று. கடைசி வாரத்துக்கு முந்தைய வாரம், பேரிக்காய் விவசாயி செய்தித்தாளில் சுற்றிய ஆறு ஹோசுயிப் பழங்களை ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அந்த ஆண்டு கோடையில் ஒரு ஆஸ்திரேலியக் குடும்பத்துக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியதாகவும், கையால் மகரந்தம் வைப்பதைச் சொன்னபோது அவர்களுடைய சிறுமி திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டாள் என்றும், அவளுக்குப் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டபோது அவள் காத்திருந்தாள் என்றும் சொன்னார். இதை முழுவதும் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

அடுத்த வாரம் எங்கள் கடைசி வகுப்பு. வீட்டில் சாமான்களை எல்லாம் கட்டி முடித்திருந்தோம். கத்தி எந்தப் பெட்டியில் போயிற்று என்று தெரியவில்லை, பழங்கள் சமையலறை மேடையில் அப்படியே இருந்தன. அவர் உட்கார்ந்ததும், "ஹேவன்ட் யூ ஈட்டன் தெம் யெட்?" என்று கேட்டார். நான் வருத்தத்தோடு "யெஸ்" என்று சொல்லிவிட்டு, சாமான் கட்டிய கதையைத் தொடங்கப் போனேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பென்சிலை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.